போர்ட்லேண்ட் ஜாடியைப் போய்ப் பார்

அன்புள்ள செந்திலுக்கு,

நலம்தானே? பிரிட்டிஷ் மியூசியத்தை ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போ. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். 70-ஆம் அறையில் போர்ட்லேண்ட் ஜாடி இருக்கிறது, அது ஒன்று போதும்.

சுமார் 25 சென்டிமீட்டர் உயரம்தான். கருநீலக் கண்ணாடி, அதன்மேல் வெள்ளையில் ஆட்கள், மரங்கள். ரோமானியர்கள் செய்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. வெள்ளை உருவங்கள் தனியாகச் செய்து ஒட்டியவை என்று நினைத்துவிடாதே. நீலக் கண்ணாடிக் குமிழை உருகிய வெள்ளைக் கண்ணாடியில் முக்கி, இரண்டையும் சேர்த்து ஊதியிருக்கிறார்கள். ஆறிய பிறகு வெள்ளையைச் செதுக்கிச் செதுக்கி நீலத்தை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். காலமெல்லாம் கண்ணாடி அறுத்தவன் சொல்கிறேன், இரண்டும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் ஆறும்போதே விரிசல் விடும். துணி மடிப்புகளை உற்றுப் பார். வெள்ளையை மெலிதாக விட்ட இடத்தில் அடி நீலம் கசிந்து நிழல் மாதிரி தெரியும். ஜான் நார்த்வுட் என்ற ஆங்கிலேயர் இதே மாதிரி ஒன்றைக் கண்ணாடியில் செதுக்கி 1876-இல் முடித்தார். மூன்று வருஷம் பிடித்ததாம். அந்த உருவங்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. அது அவர்கள் பாடு.

நான் சொல்ல வந்தது வேறு. 1845 பிப்ரவரி 7-ஆம் தேதி, குடித்திருந்த ஒருவன் அங்கிருந்த சிற்பத் துண்டு ஒன்றை எடுத்து இந்த ஜாடிமேல் எறிந்துவிட்டான். சுக்குநூறு. வேடிக்கை என்னவென்றால், அன்றைய சட்டப்படி ஐந்து பவுண்டுக்கு உட்பட்ட பொருளை உடைத்தால்தான் அந்தப் பிரிவில் தண்டிக்க முடியும். அதனால் மேலே மூடியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்ததற்கு மட்டும் 3 பவுண்டு அபராதம்! அதையும் யாரோ பேர் சொல்லாமல் கட்டிவிட்டார்கள்.

மியூசியத்தில் உடைந்ததை ஒட்டும் வேலை பார்த்த ஜான் டபுள்டே என்பவர் அதே வருஷம் ஒட்டி முடித்தார். 37 சின்னச் சில்லுகள் மிச்சம், எங்கே பொருந்தும் என்று தெரியவில்லை. அவற்றை வைக்க அறை அறையாகப் பெட்டி செய்யச் சொல்லி ஒரு தச்சரிடம் கொடுத்தார்கள். அவர் இறந்துபோக, சில்லுகள் அப்படியே மறந்துபோயின. நூறு வருஷம் கழித்து, 1948-இல்தான் மியூசியத்துக்குத் திரும்பி வந்தன. அப்போது பிரித்து ஒட்டியதில் மூன்று மட்டும் சேர்ந்தன. அப்புறம் பசை மஞ்சளித்துவிட, 1988-இல் மியூசியத்தின் பழுதுபார்ப்பவர்களான நைஜல் வில்லியம்சும் சாண்ட்ரா ஸ்மித்தும் மறுபடி பிரித்து, 1989-இல் எபாக்சி என்ற செயற்கைப் பசையால் ஒட்டினார்கள். மீதிச் சில்லுகளில் பெரும்பாலானவை அப்போதுதான் இடம் பிடித்தன. என் கடையாக இருந்தால் அந்தச் சில்லுகள் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும்.

அடியில் இருந்த வட்டத் தட்டு வேறொரு பொருளிலிருந்து வந்தது. அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள், விட்டுவிடாதே. ஜாடியைப் பின்பக்கமும் சுற்றிப் பார்த்து, ஒட்டு எங்கேயாவது தெரிகிறதா என்று எனக்கு எழுது. போட்டோ எடுத்தால் பிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் கூசும். அம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா