கச்சேரிக்கு முன்பே தொடங்க வேண்டிய தொண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மார்கழி இசை விழாவில் குப்பையைத் தரம் பிரிக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று சபா ஒன்று விடுத்த வேண்டுகோளை, சென்ற வாரத் தங்கள் இதழில் வாசகர் ஒருவர் மனமாரப் பாராட்டியிருந்தார். கடந்த ஆண்டு வேறொரு சபாவில் 11 நாள்கள் அந்தத் தொண்டைச் செய்தவள் என்ற முறையில், அப்பாராட்டில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

எங்கள் குழுவில் 8 பேர். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். கேன்டீன் வாசலில் மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டிக்கும் மக்காத குப்பைக்கான நீலத் தொட்டிக்கும் நடுவே நின்று, எதை எதில் போட வேண்டும் என்று வருவோருக்குச் சொல்வதே எங்களுக்கு இடப்பட்ட வேலை. வாழையிலையில் சிக்கல் ஏதுமில்லை. தொல்லை முழுவதும் காப்பிக் கோப்பையில்தான். பார்வைக்கு அது காகிதம். ஆனால் உள்ளே மெல்லிய பாலித்தீன் பூச்சு இருப்பதால்தான் சூடான காப்பியில் அது ஊறிப்போகாமல் நிற்கிறது. அந்தப் பூச்சினாலேயே அது உரக்குழியில் முழுமையாக மக்குவதுமில்லை, பழைய காகிதம் எடுப்பவர்கள் அதைச் சீண்டுவதுமில்லை. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்கு வருவது நம் ரசிகர்களின் நெடுநாளைய வழக்கம் (மிருதங்க வித்வான்கள் மன்னிப்பார்களாக). அந்த நெரிசலில் "பேப்பர்தானே மாமி" என்று கோப்பையைப் பச்சைத் தொட்டியில் எறிந்துவிட்டு விரைபவரிடம் பாலித்தீன் பூச்சைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது.

இத்தனைக்கும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. அத்தடையை 2023-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. அரங்க வளாகத்துக்குள் வரவே கூடாத பொருளை எந்தத் தொட்டியில் போடுவது என்று சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் எங்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஏழாம் நாள் இரவு, நாங்கள் பிரித்துக் கட்டிய மூட்டைகள் அனைத்தும் ஒரே வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதைப் பார்த்தோம். ஓட்டுநரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் வண்டியில் தடுப்பும் இல்லை, அவரிடம் எவரும் முன்கூட்டிப் பேசியிருக்கவும் இல்லை. குப்பையை உருவாக்குபவரே அதைப் பிரித்துத் தர வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. பிரிக்காமல் கொட்டியதன் விளைவைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்த பெருங்குடிக் கிடங்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கித்தான் வளர்ந்தது.

ஆகவே, தன்னார்வலர்களைத் தேடும் சபாக்கள் அவர்களை டிசம்பரில் தொட்டியருகே நிறுத்துவதற்கு முன், கேன்டீன் காண்டிராக்டருடன் ஒப்பந்தம் போடும்போதே காப்பியை எவர்சில்வர் டபராவில்தான் தர வேண்டும் என்று எழுதி வாங்கட்டும். பாத்திரம் கழுவ ஆளும் தண்ணீரும் கூடுதலாகும் என்று காண்டிராக்டர் சொல்வது பொய்யல்ல. அந்தச் செலவில் ஒரு பங்கைச் சபா ஏற்பதே நியாயம். குடிநீருக்கும் இதே கதைதான். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் 2017-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள் விற்பனையாயின. அங்கே தொண்டர்களுக்கா பஞ்சம்? ஆனாலும் 2019-இல் தண்ணீர்ப் பாட்டில் விற்பனையையே நிறுத்திவிட்டு, வருபவர்கள் தங்கள் பாட்டில்களைக் குழாயில் நிரப்பிக்கொள்ளும்படி செய்தார்கள். அவ்வளவு பெரிய திறந்தவெளியில் முடிந்தது, சில நூறு இருக்கைகள் கொண்ட அரங்கில் ஏன் முடியாது?

வரும் மார்கழிக்கும் எங்கள் குழுவை அதே சபா அழைத்திருக்கிறது. காண்டிராக்டருடன் பேசும் நாளில் எங்களில் இருவரை உடன் அமர்த்திக்கொண்டால் வருகிறோம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இசை ரசிகை ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை.