அவள் கையெழுத்து போதும்: மலையோர அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

சுகாதாரத் துறையின் உயர் அதிகாரிகளுக்கும், இடுக்கி மலையோர அரசு மருத்துவமனைகளில் பணியாற்றும் மகப்பேறு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மழைக்காலத்தில் உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கருக்கலைப்புக்குப் போய்ப் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். மனு மேலே போயிருக்கிறது, விசாரிக்கிறார்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். சரி, விசாரிக்கட்டும். அவள் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. அவள் பெயரை வெளியே சொல்லக் கூடாது. மருத்துவமனையின் பெயரைச் சொன்னால் பழி அந்த ஒரு கட்டடத்தோடு நின்றுவிடும். நாங்கள் பேச வந்தது மலை முழுக்க ஊறிப்போன ஒரு பழக்கத்தைப் பற்றி.

நாங்கள் கேட்பது இதுதான்: கருக்கலைப்புக்கு வருகிற 18 வயது நிறைந்த பெண்ணிடம் அவளுடைய கையெழுத்தை மட்டும் வாங்குங்கள். புருசன் கையெழுத்து கேட்காதீர்கள்.

எங்களில் சிலர் தோட்டத்தில் காய் எடுத்தவர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற செவிலி, நான் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெம்பிளை ஒருமை என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் கூலிக்கும் போனசுக்கும் சாலையில் உட்கார்ந்தார்கள்; அரசு இறங்கி வந்து பேசியது. கருவைக் கலைக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணால் சாலையில் உட்கார முடியும்? பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாமல்தானே அவள் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். அதனால்தான் அவர்களுக்காக நாங்கள் இதை எழுதுகிறோம்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு பிள்ளைகள். புருசனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியில் வேலை. வடக்கே போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்து போனார். ஆனியில் இவளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. இன்னொரு பிள்ளையைத் தாங்க உடம்பிலும் தெம்பில்லை, கையிலும் காசில்லை. போனில் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டு, ஏழாவது வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள். சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில்தான் போனாள். 9 வாரம் வரை மாத்திரையிலேயே கருவைக் கலைக்கலாம் என்று விதி இருக்கிறது.

அங்கே அவளிடம் முதலில் கேட்டது புருசனை. வெளியூரில் இருக்கிறார் என்றாள். வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். போனில் பேசச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அது ஆகாது என்றார்கள். அப்புறம் ஆதாரைப் பார்த்தார்கள், தேனி மாவட்ட முகவரி. உங்கள் ஊரிலேயே போய்ப் பார்க்கக் கூடாதா என்றார்கள். கடைசியாக, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கொள்வதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். இவ்வளவும் ஓ.பி. வரிசை நிற்கிற வராந்தாவில், அதே தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் காதுபட நடந்தது. "கேக்கப் போனா திருடியப் பாக்குற மாதிரி பாக்குறாங்கக்கா" என்று என்னிடம் பிறகு சொன்னாள்.

மறுமுறை மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனாள். மாமியார் கைநாட்டு செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் வாரம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. இனி இங்கே முடியாது, கோட்டயத்துக்குப் போ என்றார்கள். நெடுங்கண்டத்திலிருந்து கோட்டயம் நூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் மலைப்பாதை. இரண்டு பிள்ளைகளை லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) விட்டுவிட்டு, பாஷை சரியாகத் தெரியாமல், எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்றும் தெரியாமல் எப்படிப் போவாள்? அவள் போகவில்லை. யாரோ மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். எத்தனை வாரம், எத்தனை மாத்திரை, ரத்தம் எவ்வளவு போனால் பயப்பட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் உதிரப்போக்கு தொடங்கியது. கக்கூஸ் லயத்தின் கோடியில் இருக்கிறது. அந்த மழையில் அவள் போவதும் வருவதுமாக இருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே போயிருக்கிறாள். அம்மா கீழே உட்கார்ந்தபடி எழவில்லை என்று அந்தக் குழந்தைதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. ஜீப் கிடைத்து, தமிழ்நாட்டு எல்லையான கம்பம்மெட்டு இறங்கி, கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். இப்போது பத்தடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, காய் எடுக்கப் போக முடியவில்லை.

இத்தனைக்கும் காரணமான அந்தக் கையெழுத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 18 வயது நிறைந்த, சுயநினைவும் தெளிவும் உள்ள பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். சிறுமிக்கும் மனநலம் குன்றியவருக்கும்தான் பாதுகாவலர் சம்மதம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும் என்று 2021 திருத்தம் வைத்திருக்கிறது. அதே திருத்தம், பெண்ணின் விவரத்தை அதிகாரமில்லாதவரிடம் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்றும் சொல்கிறது. வராந்தாவில் சத்தமாகக் கேள்வி கேட்டவர்களுக்கு இது யாராலும் சொல்லப்பட்டதா? அரசு நடத்தும் மருத்துவமனைக்குக் கருக்கலைப்பு செய்யத் தனியாக அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்தால் போதும்.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. திருமணமாகாத பெண்ணுக்கும் இந்தச் சட்டத்தில் அதே உரிமை உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பில், குடும்பத்தாரின் சம்மதம், ஆவணச் சான்று என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிப்பது வருந்தத்தக்கது என்று எழுதியிருக்கிறது. புருசன் கையெழுத்தும் கேரள முகவரியும் அந்த வகைதான்.

மருத்துவர்கள் பக்கத்து பயமும் எங்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் இருக்கும் செவிலி முப்பது வருடம் பிரசவ அறையில் நின்றவர். நாளைக்குப் புருசன் குடித்துவிட்டு வந்து மேசையைத் தட்டினால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில்தான் கையெழுத்து கேட்கிறார்கள் என்று அவர் சொல்கிறார். பயம் நியாயமானதாகவே இருக்கட்டும். நல்லெண்ணத்தோடு சிகிச்சை செய்த மருத்துவரைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. அது போதாதென்றால் வாசலில் ஒரு காவலரை நிறுத்துங்கள். மருத்துவமனைக்குள் வந்து மேசையைத் தட்டுகிற ஆள் வீட்டில் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அவனிடமே போய்க் கையெழுத்து வாங்கி வா என்று அவளை அனுப்பாதீர்கள். விட்டுவிட்டுப் போனவனை, செத்துப்போனவனை எங்கிருந்து கூட்டிவருவாள்? கர்ப்பத்தின் நடுவில் புருசனை இழந்தவளுக்கும் மணவிலக்கு ஆனவளுக்கும் 24 வாரம் வரை விதிகளே இடம் கொடுத்திருக்கும்போது, கவுண்டரில் மட்டும் ஏன் இன்னும் அதே கேள்வி?

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் விஷயத்துக்கும் வர வேண்டியிருக்கிறது. அதைப் பண்ணிக்கொண்டால்தான் கருவைக் கலைப்போம் என்பது பேரம். கலைப்புக்கு வந்தவளிடம் கருத்தடை முறைகளை எடுத்துச் சொல்லுங்கள், காப்பர் டி பற்றி, ஊசி பற்றி, மாத்திரை பற்றிச் சொல்லுங்கள், யோசிக்க நேரம் கொடுங்கள். அது நல்ல மருத்துவம். ஒன்றைச் செய்ய இன்னொன்றை விலையாகக் கேட்பது எந்த வழிகாட்டு நெறியிலும் இல்லை. அதுவும் ஏன் எப்போதும் அவள் வயிற்றில்தான் கத்தி வைக்க வேண்டும்? இதே கேரளத்தில், எர்ணாகுளத்தில், 1970 கடைசியிலும் 1971 ஜூலையிலும் நடந்த முகாம்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் வரிசையில் நின்று வாசக்டமி (ஆண் கருத்தடை அறுவை) செய்துகொண்டார்கள். உலகமே அதைப் பற்றி எழுதியது. அந்த முகாம்களில் பணத்தையும் பொருளையும் காட்டி ஆள் சேர்த்தது சரி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருடத்தில் எங்கே வந்து நிற்கிறோம் என்று பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்பவர்கள் 0.3 சதவீதம். ஆண்களுக்குச் செய்வதுதான் சிறிய அறுவை, சீக்கிரம் ஆறுவது என்பது உங்கள் மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது. தோட்டம் தோட்டமாக ஆஷா சேச்சிகளை (ஊர்ச் சுகாதாரப் பணியாளர் அக்காக்களை) அனுப்பிப் பெண்களை எண்ணுகிறீர்கள். ஒரு முறையாவது ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற ஆண்களிடம் யாராவது பேசினார்களா?

கேரளத்தின் பிரசவகாலத் தாய் இறப்பு விகிதம் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 19 என்று 2018-20 கணக்கு சொன்னபோது நாங்களும் பெருமைப்பட்டோம். இந்தியா முழுமைக்கும் அப்போது அது 97. இறந்த ஒவ்வொரு தாயின் விவரத்தையும் பெயர் சொல்லாமல் ஆராய்ந்து, எங்கே தவறியது என்று கற்றுக்கொள்ளும் ஏற்பாடு இந்த மாநிலத்து மகப்பேறு மருத்துவர்களிடம் இருக்கிறது. எங்கள் பெண் இறக்கவில்லை. அதனால் அந்த ஆராய்ச்சியில் வர மாட்டாள். எல்லை இறங்கிப் போய்ப் படுத்ததால் இங்கத்தைய பதிவேட்டிலும் வர மாட்டாள். அவள் போல் எத்தனை பேர் கம்பம்மெட்டும் போடிமெட்டும் குமுளியும் இறங்கிப் போனார்கள் என்பதற்கு எங்கே கணக்கு இருக்கிறது? தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் அடைந்து வந்து ஏலக்காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்கும் பெண்களை இரண்டு மாநிலமும் மற்ற மாநிலத்தின் ஆட்கள் என்றே நினைக்கின்றன. இங்கே வேலை செய்கிறவளுக்கு இங்கே உடம்பு சரியில்லாமல் போனால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

சம்மதப் படிவத்தையும் பாருங்கள். மலையாளத்தில் நீட்டுகிறார்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியவில்லை. வாசிக்க முடியாத காகிதத்தில் வாங்கிய சம்மதம் எப்படிச் சம்மதமாகும்? 2014இல் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் முகாமில் கருத்தடை அறுவை செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள். அதன்பின் 2016இல் உச்ச நீதிமன்றம், அறுவையின் விளைவுகளை அவரவருக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் நாங்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லேயே சொல்லிவிட்டது. நிலவரிக் கடிதத்துக்கு இருக்கிற உரிமை, ஒரு பெண் தன் உடம்பைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிற காகிதத்துக்கு இல்லையா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்கிற மருத்துவர்களும் சிஸ்டர்களும் இந்த மலையில் இருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளே அவர்கள் கையில்தான் பிறந்தார்கள். அந்த நன்றியோடுதான் கேட்கிறோம்.

18 வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும், கணவரின் கையெழுத்தோ உள்ளூர் முகவரியோ கருத்தடை அறுவைக்கு ஒப்புதலோ நிபந்தனையாகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதையே மலையாளத்திலும் தமிழிலும் ஓ.பி. கவுண்டருக்கு மேலே, வரிசையில் நிற்பவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். படிவத்தைத் தமிழிலும் அச்சடியுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் காசு வாங்காமல் செய்து தருகிறோம். கருக்கலைப்புக்கு வந்தவளிடம் பேசக் கதவுள்ள ஓர் அறையை ஒதுக்குங்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் எந்தெந்த நாளில், எந்தெந்த மருத்துவமனையில் இருப்பார் என்று ஆஷா சேச்சிகளுக்காவது சொல்லிவையுங்கள்.

காய் எடுப்பு தொடங்கிவிட்டது. தை வரைக்கும் தோட்டங்களில் பெண்கள் நிறைந்திருப்பார்கள். அதற்குள் சுற்றறிக்கை வர வேண்டும். பதிலைத் தயவுசெய்து தமிழில் அனுப்புங்கள், லயம் லயமாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
உடும்பன்சோலை, பீர்மேடு வட்டாரத் தோட்டப் பெண்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்