திருவிழாவுக்கு வரும் உறவுகளுக்கு: வாகனம் ஓட முதல் வாசிக்கவும்

வணக்கம். மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்குக் கனடா, சுவிஸிலிருந்து வந்து வாடகைக் கார் ஓட இருக்கிற உறவுகள் கவனிக்கவும்.

அந்த நாட்டு லைசென்ஸ் மட்டும் காட்டி இங்கே ஓட ஏலாது. சர்வதேச பெர்மிட் வைத்திருப்பவர்களும் கொழும்பிலேயே அதை உறுதிப்படுத்திவிட்டு வாருங்கள். மட்டக்களப்புக்கு வந்து திரும்பிப் போவது வீண் அலைச்சல்.

இங்கே இடது பக்கம். நேர் றோட்டில் பிரச்சினை இல்லை; சந்தியில் திரும்பும்போதுதான் கை பழக்கத்தில் வலப்பக்கம் இழுக்கும். எதிரே வரும் பஸ் லைற் அடித்தால் உங்களுக்கு வழி விடுகிறது என்று நினைக்க வேண்டாம். "நான் வாறன், விலகு" என்றுதான் அர்த்தம்.

கார் வேகம் ஊருக்குள் 50, வெளியே 70. மட்டக்களப்புக்கு வரும் வழியில் புணானைப் பக்கம் யானை நிற்கும், தயவுசெய்து பொழுதுபட முதல் கடந்துவிடுங்கள். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.