அறுந்ததல்ல பாப்பா, அவிழ்ந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி நாலு தடவை பார்த்தேன். விரால் நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அறுக்கவில்லையம்மா. அறுந்திருந்தால் முனை பிசிறடித்து நிற்கும். உன் நூல் முனை அலையலையாக நெளிந்து கிடக்கிறது. முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. கையெட்டும் தூரத்துக்கு வந்த மீன் போனால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

தப்பு என்னுடையது. முள்ளின் காதில் கோத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, அடி வளையத்தில் நுழைத்து இழுக்கும் முடிச்சு ஒன்றைத்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது நைலான் நரம்புக்கு. நீ இப்போது வாங்கியிருக்கும் பிரெய்டு, பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்தது, மேல்புறம் வழவழவென்று இருக்கும். அதற்கு நூலை இரட்டையாக மடித்து முள் காதில் நுழை. மடித்ததை வைத்தே தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போடு. நுனி வளையத்துக்குள் முள்ளை முழுசாக விட்டு எடுத்து இறுக்கு. பாலோமர் என்பார்கள். ரீலிலும் பிரெய்டை, நூல் சுற்றும் உருளையான ஸ்பூலில் வெறுமனே சுற்றாதே, மொத்தமாக வழுக்கிச் சுழலும். முதலில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொள்.

எல்லா மீனுக்கும் பிரெய்டு வேண்டாம். ஜிலேபிக்குத் தக்கை போட்டு மண்புழு வைக்கிறாய் என்றால் 0.20 மி.மீ. நைலான் போதும். தவிட்டு உருண்டைக்குக் கட்லா வந்தால் 0.35. நைலான் அறுவதற்கு முன் கால்வாசி நீளம்கூட இழுபடும். பெரிய மீன் திடீரென்று ஓடும்போது அந்த இழுவைதான் முள்ளைப் பிய்த்துக்கொள்ளாமல் காக்கும்.

விரால் வேறு விஷயம். ஆகாயத்தாமரைக்குள் ரப்பர் தவளையை இழுத்து வருகிறாய், விரால் பாய்ந்து கவ்வியதும் அப்படியே செடிக்குள் இறங்கும். அங்கே இழுபடும் நூல் இருந்தால் மீன் செடியில் சுற்றிக்கொள்ளும். இழுபடாத, தடித்த பிரெய்டுதான் அதற்குச் சரி. சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் மட்டும் தூண்டிலை எடுத்துக்கொண்டு வேறு இடம் போய்விடு. தாய் தகப்பன் கீழே காவல் இருக்கும்.

இப்போது இரண்டு நூலைச் சேர்த்துக் கட்டும் ஒட்டுக்கு வருகிறேன். பவானிப் பக்கம் காவிரி பாறையில் ஓடுகிறது, நம்ம வெண்ணாறு மாதிரி மணல் இல்லை. பாறை உரசினால் பிரெய்டு சீக்கிரம் போய்விடும். அதனால் முனையில், இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, ஃப்ளோரோகார்பன் நூல் துண்டு ஒன்றைக் கட்டவேண்டும், அதை லீடர் என்பார்கள். அது தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது, நைலானைவிட வேகமாக மூழ்கும். இரண்டு நூலையும் ஒரு சாண் அளவு எதிரெதிராகப் படுக்க வை. பிரெய்டு முனையைத் திருப்பி வளையமாக்கி, இரண்டு நூலையும் சேர்த்து வளையத்துக்குள்ளேயே எட்டுச் சுற்றுச் சுற்றி இழு. மறுபக்கம் லீடரால் ஐந்து சுற்று. பிறகு இரண்டு நூலையும் வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தால் இரு முடிச்சும் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று முட்டி நிற்கும்.

இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்கு. வறண்ட நூல் உரசிச் சூடாகும், லீடர் அந்த இடத்திலேயே நொய்ந்துவிடும். கட்டியதும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பலமாக இழுத்துப் பார். வெறுங்கையால் பிரெய்டை இழுக்காதே. என் ஆள்காட்டி விரலில் இருக்கும் தழும்பு உனக்குத் தெரியும், அது அப்படி வந்ததுதான்.

எழுத்தில் புரியாது என்று சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கொடிக்கயிற்றில் இந்த முடிச்சைப் போட்டு, இறுக்காமல் பார்சலில் வைத்திருக்கிறேன். பிரித்து, திரும்பக் கட்டிப் பழகு. கூடவே அம்மா கருவாட்டுப் பொடி வைத்திருக்கிறாள், தனியாகச் சுற்றித்தான் இருக்கிறது, நூலில் வாடை ஏறாது.

அன்புடன்,
அப்பா