வராந்தாவில் புத்தகம் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

தனித்தனியாக நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் போனை எடுத்தேன். பார்த்தால் பாதிப் பேர் நம்பர் என்னிடம் இல்லை, ஒருவருக்குப் பெயர்கூடத் தெரியாது. அதனால் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் யார் கண்ணில் பட்டாலும் மற்றவர்களிடம் காட்டிவிடுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் மாமியாருக்கு, நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், போன சித்திரையிலிருந்து டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி. வலங்கைமானில் பஸ் ஏறி, கும்பகோணத்தில் இறங்கி, எடை பார்த்து, ஊசி குத்தி, நாலு மணி நேரம் மெஷின். அந்த நாலு மணி நேரமும் நான் வராந்தாவில். முதல் மாதம் முழுக்கப் போனைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், சார்ஜ் போகும், தலைவலி வரும், மணி மட்டும் நகராது. காலேஜ் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை. இந்த ஒரு வருடத்தில் பத்தொன்பது முடித்திருக்கிறேன், ஒன்றுகூடக் காசு கொடுத்துப் புதிதாக வாங்கியதில்லை. எல்லாம் நீங்கள் கொடுத்தது, விட்டுப்போனது, எடைக்குப் போட்டது.

முதல் நன்றி டெக்னீஷியன் தம்பிக்கு. ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அக்கா, போன் பாத்து கண்ணக் கெடுத்துக்காதீங்க, இதப் படிங்க" என்று தன் பையிலிருந்து சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' எடுத்துக் கொடுத்தான். அதில் துப்பறிகிற வக்கீல்கள் கணேஷும் வசந்தும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கேள்விப்பட்ட பெயர்கள்தான். ஆனால் பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிற அந்தக் கதையை, உள்ளே மெஷின் ஒன்று திடீரென்று பீப் பீப் என்று கத்துகிற இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள், அப்போது தெரியும். ஒரு தடவை அலாரம் அடித்ததும் நான் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ட்யூப் மடங்கியிருந்ததாம், அவ்வளவுதான்.

அடுத்து அவன் கொடுத்தது 'என் இனிய இயந்திரா'. குழந்தை பெற்றுக்கொள்ள நிலா என்கிற பெண்ணுக்கு அரசாங்கம் அனுமதி கொடுக்கிற இடத்தில் கதை பிடித்துக்கொண்டது. ஆனால் மனசில் நின்றது ஜீனோதான். ரோபோ நாய், பேசுகிறது, புத்தகம் படிக்கிறது, நம்மைவிட நன்றாக யோசிக்கிறது. எண்பதுகளில் இதை விகடனில் வாரா வாரம் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். இன்றைக்குப் போனில் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற சமாசாரங்கள் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் ஜீனோவின் குறும்பு எதற்கும் இல்லை. இரண்டுமே ஆளுக்கு இரண்டு நாளில் ஓடிவிட்டது. வேகம் என்றால் வேகம். திரும்ப எடுத்துப் படிப்பேனா என்று கேட்டால், ஜீனோவுக்காக ஒரு தடவை.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினிலிருந்து இறங்கினால் ஆளே துவண்டுபோய்தான் வருவார். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ம், சொல்லு, இன்னிக்கு என்ன ஆச்சு?" என்பார். நான் படித்தவரைக்கும் சொல்ல வேண்டும். ஆகவே எல்லா நாவலையும் நான் இரண்டு தடவை படித்த மாதிரி, ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை அவருக்கு. சொல்லிப் பார்க்கும்போதுதான் எது கதை, எது வெறும் அலங்காரம் என்று பிரிந்து வருகிறது. ஒரு பெரிய சரித்திர நாவல், பெயர் வேண்டாம், மூன்று நாள் படித்தேன், பஸ்ஸில் சொல்ல ஆரம்பித்தால் பாதி வழி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. ராஜாக்கள் எல்லாம் மேடையில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கொடுத்தவர் கோபித்துக்கொள்ளக்கூடாது, அட்டை நன்றாக இருந்தது.

எங்கள் ஊர் நூலகர் அம்மாவுக்கு இரண்டாவது நன்றி, ஆனால் அளவில் அதுதான் முதல். தவணை முடிந்தால் போனிலேயே சொன்னால் போதும் என்று புதுப்பித்துக் கொடுத்தீர்கள். பூட்டுகிற நேரத்துக்கு நான் பஸ்ஸிலிருந்து ஓடிவருவேன் என்று பத்து நிமிடம் காத்திருந்தது எனக்குத் தெரியும். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நீங்களாக எடுத்துக் கொடுத்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வந்த நாவல். நேரில் போய் அந்த ஜனங்களோடு பழகி எழுதுகிறவர் என்பது பத்து பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. வெள்ளை வெயிலில் கண் கூசிக் கூசிக் கெட்டுப்போவது, உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் புண்ணாவது, குடிக்க நல்ல தண்ணீருக்கு அல்லாடுவது, கண்ட்ராக்டருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் நடுவில் பெண்கள் படுகிற பாடு. நடுவில் சில இடங்களில் பாத்திரங்கள் பேசவேண்டியதை ஆசிரியர் பேசுகிறார், அது உண்மை. ஆனால் கதாநாயகி பொன்னாச்சியை விட்டுவிட்டு எழுந்து போக முடியவில்லை.

அத்தைக்கு உப்பு கூடாது. ரசத்தில் ஒரு சிட்டிகை, அதற்கே நாங்கள் வீட்டில் பஞ்சாயத்து. இந்தக் கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒருத்தி காலப் புண்ணாக்கிக்கிட்டு வாரிக் கொட்டினதையா நான் கேட்டுக் கேட்டு அழறேன்" என்றார். இரண்டு நாள் சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்படிக்குப் போனால், மாவடு ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே கைவிடாமல், மூக்கை மட்டும் ஜாடி வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டார். நானும் பார்க்காத மாதிரி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதைவிடச் சிக்கல் அசோகமித்திரன். அதுவும் நூலகர் அம்மா கொடுத்ததுதான், 'தண்ணீர்'. டயாலிசிஸ்காரர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும், அத்தைக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் கணக்கு, காபி, மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் சேர்த்து. பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். கோடு தாண்டினால் அடுத்த தடவை எடை காட்டிக்கொடுத்துவிடும், நர்ஸ் திட்டுவார். நான் டீ குடிப்பதே வெளியே போய், டீக்கடை அக்கா கடையின் பின்பக்கம் நின்று, அத்தை கண்ணில் படாமல்தான். இந்த லட்சணத்தில் 'தண்ணீர்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட புத்தகம். பையில் ஒளித்துத்தான் வைத்தேன், எப்படியோ பார்த்துவிட்டார். "தண்ணியா? சொல்லு, காதாலயாவது குடிக்கிறேன்."

சொன்னேன். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோகிற பம்பு, வரிசையில் குடங்கள், சினிமாவில் ஏதாவது கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஜமுனா, அவள் தங்கை சாயா, அப்புறம் அந்த டீச்சரம்மா. சின்னப் புத்தகம், ஓரிடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. இந்த மனுஷர் அழுகையைக்கூட 'குழாயில் காற்று வந்தது' என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார், நாம்தான் அடுத்த பக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு நிற்கிறோம். வாழ்க்கை வெறுத்துப்போன ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கதையைச் சொல்கிற பகுதியை, பஸ்ஸில் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து வாய்விட்டுப் படித்தே காட்டினேன். அத்தை ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "எனக்கு இன்னும் எவ்ளோ பாக்கி இருக்கு?" என்றார். பாட்டிலைப் பார்த்துச் சொன்னேன், நூறு மில்லி. "சரி, நாளைக்கிக் குடிச்சிக்கிறேன்." பத்தொன்பதில் எது உசத்தி என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் அது புத்தகத்துக்குக் கொடுக்கிற மார்க்கா அந்த ராத்திரிக்குக் கொடுக்கிற மார்க்கா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

பழைய பேப்பர் கடைக்காரருக்கு: அண்ணே, அட்டை இல்லாத அந்தப் புத்தகத்தை நோட்டுப் புத்தகக் கட்டோடு சேர்த்து எடைக்குப் போட்டீர்களே, அது பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்தது, 'அசுரன்' படத்துக்கு மூலம். படம் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம், கையை வெட்டத்தான் போனான், ஆள் போய்விட்டது, முதல் பக்கத்திலேயே ஓட ஆரம்பிக்கிறான். அதற்கப்புறம் எட்டு நாள், அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். துரத்தல் கதை என்றால் துப்பாக்கியும் காரும் வேண்டும் என்று யார் சொன்னது? இதில் எங்கே சோறு பொங்குவது, புகை தெரியாமல் எப்படித் தீ மூட்டுவது என்பதிலேயே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கரிசல் பேச்சு எனக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் தட்டியது, நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இல்லையா. அத்தைக்கு இதில் ஒரே விசாரம்தான், "அந்தப் புள்ள சாப்பிட்டானா?" ஒவ்வொரு நாளும் பஸ் ஏறியதும் அதே கேள்வி.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பொதுவாக ஒரு நன்றி. 'செம்மீன்' தகழி மலையாளத்தில் 1956இல் எழுதியது, தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் என்ன ஆவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் படிக்க முடிகிறது. பி.எச். டேனியல் என்கிற டாக்டர் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொடுத்திருக்கிறார். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலை ஏறுகிற வரைக்கும் சொன்னேன், மேலே சொல்லாதே என்றுவிட்டார் அத்தை. மீதியை நான் தனியாகத்தான் முடித்தேன். அதற்கப்புறம் ஒரு வாரம் டீக்கடைப் பக்கமே போகவில்லை, இந்தத் தடவை காரணம் வேறு.

'பொன்னியின் செல்வன்' விஷயத்தில் நிலைமை தலைகீழ். எதிர்வீட்டு மாமி ஐந்து பாகமும் கொடுத்தார்கள், நான் முதல் பாகம் பிரித்து வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான் என்று ஆரம்பித்ததும், அத்தை கண்ணைத் திறந்துவிட்டார். அவர் அம்மா கல்கி பத்திரிகையில் வந்த தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தாராம், விளம்பரம், ஓவியர் மணியம் வரைந்த படம் எல்லாம் சேர்த்து. அப்புறம் நான் கேட்க, அவர் சொல்ல. நந்தினி பேசுகிற இடத்தில் குரல்கூட மாறியது. பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் திரும்பி உட்கார்ந்து கேட்டாள். ஐந்து பாகம் முடிந்ததும் அத்தையின் தீர்ப்பு இது: "அந்த வந்தியத்தேவன் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ரெண்டு பாகத்தில முடிஞ்சிருக்கும். ஆனா அப்புறம் யார் படிப்பா?"

அந்த மாமிதான் அத்தை பிழைத்து வந்தால் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர். நம் வலங்கைமானில் பங்குனியில் நடப்பதுதான், நோயிலிருந்து மீண்டவரைப் பாடையில் படுக்கவைத்துச் சுற்றிவருவது. அத்தை, "வாரத்துக்கு மூணு நாள் படுக்கறனே, அது போதாதா உங்க அம்மனுக்கு" என்கிறார். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.

கடைசியாக, பெயர் தெரியாத அந்த சாருக்கு. பாபநாசத்திலிருந்து வருவீர்கள், உங்கள் வீட்டுக்காரம்மா ஆறாம் நம்பர் பெட். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' கொடுத்து, "ஐம்பது பக்கம் பொறுத்துக்கங்க, அப்புறம் அதுவே இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்றீர்கள். எனக்கு எழுபது பக்கம் ஆனது. இந்தோனேஷியாவில் மெடான் நகரத்துக்குள் ஜப்பான் படை நுழைகிறது, வட்டிக்கடை கிட்டங்கி, மதுரைத் தெருக்களின் ஞாபகம், நடுவே சங்கப்பாட்டைக் கிண்டல் பண்ணிக்கொண்டு குடிக்கிற கூட்டம், எங்கே நிற்கிறோம் என்றே முதலில் தெரியவில்லை. தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் கடலில் புயலில் மாட்டிக்கொள்கிற அத்தியாயம் வந்தது பாருங்கள், வாக்கியமே அலை மாதிரி ஏறி இறங்குகிறது, நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படித்தேன். சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயசில் இந்தோனேஷியாவுக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு இப்படி ஒன்றை எழுதி, அதை அச்சில் பார்க்க 1972 வரை காத்திருந்தார் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதை மட்டும் அத்தைக்கு என்னால் சொல்ல முடியவில்லை சார். சொன்னால் கதை வருகிறது, புயல் வரவில்லை.

நீங்கள் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டதாக டெக்னீஷியன் தம்பி சொன்னான். புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் காபிக் கறை பட்டுவிட்டது, மன்னிக்கவும், அது அத்தையின் பங்குக் காபி, அன்றைக்குக் கணக்கில் கழித்துக்கொண்டோம். அட்டை போட்டு, ரிசப்ஷன் மேஜையின் இடது டிராயரில் வைத்திருக்கிறேன். பாபநாசம் சார் என்று சொன்னால் கொடுப்பார்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் என் நம்பர் இருக்கிறது. வேறு ஏதாவது வைத்திருந்தால் அதே டிராயரில் போட்டுவிட்டுப் போங்கள், அத்தை கேட்கச் சொன்னார், முடிந்தால் சண்டை வருகிற மாதிரி.

அன்புடன்,
செவ்வாய் வியாழன் சனி, மதிய ஷிப்ட், மூன்றாம் பெட்டின் மருமகள்