எரிமலைக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்: தமிழில் அறிவியல் காணொளி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அறிவியல் காணொளி போடும் நண்பர்களுக்கும், தொலைக்காட்சிகளில் உலகச் செய்தி எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

2024 ஜூலைக் கடைசியில் ஒரு நள்ளிரவு, கோவில்பட்டியிலிருந்து அம்மா கூப்பிட்டார். "ஏட்டி, உங்க ஊருல பூமி பொளந்து வெந்நீர் அடிக்காம். அடுத்து நெருப்பாம். எல்லாத்தையும் போட்டுட்டுப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வந்துரு." குரல் நடுங்கியது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று பிறகு தங்கை சொன்னாள்.

நான் இருப்பது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில். பெரிய எரிமலை ஒன்றின்மேல் அமைந்த எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா இங்கிருந்து காரில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அம்மா பார்த்தது உங்களில் ஒருவர் போட்ட காணொளி. அந்த மாதம் 23-ஆம் தேதி, பூங்காவின் பிஸ்கட் பேசின் என்ற இடத்தில் கருஞ்சேறும் கல்லும் நீராவியுமாக நிலம் வெடித்து எழுந்தது. மர நடைபாதையில் நின்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நடைபாதை நொறுங்கியது, நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. அதுவரை உண்மை. அடுத்த நொடியிலேயே திரையில் செக்கச் செவேலென்று எரிமலைக் குழம்பு ஓடுகிறது. எல்லோஸ்டோனில் கடைசியாகக் குழம்பு ஓடி 70,000 ஆண்டுகள் ஆகின்றன, அதைப் படம் பிடித்தவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் அம்மாவுக்கு இரண்டும் ஒரே ஊர், ஒரே நாள்.

உங்கள் உழைப்பின் அருமை எனக்குத் தெரியும். இங்கே பிறந்து வளரும் என் மகனுக்குக் கருந்துளை என்ற சொல்லைத் தமிழில் தந்தது உங்கள் காணொளிகள்தான். அதனால்தான் இதை விட்டுவிட முடியாமல் எழுதுகிறேன். வெந்நீர் ஊற்றுகள் வழக்கத்தைவிட அதிகமாகப் பொங்கினால் அடியில் நெருப்பு கூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் மாறியிருப்பது தண்ணீர், அல்லது தண்ணீர் ஓடும் வழி.

கெய்சர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குளியலறைப் பெட்டி. நான் சொல்வது அவ்வப்போது பீறிட்டுப் பொங்கும் வெந்நீர் ஊற்றை. அந்தப் பெயரே ஐஸ்லாந்தில் உள்ள கெய்சிர் என்ற ஊற்றிலிருந்து வந்ததுதான். மழையும் பனியும் நிலத்துக்குள் இறங்கி, ஆழத்தில் சுட்ட பாறையைத் தொட்டுச் சூடேறி, விரிசல் வழியாக மேலே வருகின்றன. வழி அகலமாக இருந்தால் சூடு மேலே வந்து ஆறிவிடும், அது வெறும் வெந்நீர்க் குளம். வழியில் குறுகலான கழுத்து இருந்தால்தான் கெய்சர். எல்லோஸ்டோனின் நோரிஸ் பகுதி மேட்டு நிலம், அங்கே தரைமட்டத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆழத்திலோ மேலே நிற்கும் தண்ணீரின் கனம் அமுக்குகிறது, 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். அதே நோரிஸில் துளை போட்டுப் பார்த்தபோது சுமார் 330 மீட்டர் ஆழத்திலேயே 237 டிகிரி இருந்தது. மேலே கொஞ்சம் தண்ணீர் தளும்பி வெளியேறினால் போதும், கனம் குறைந்து அடியில் இருப்பது ஒரே மூச்சில் ஆவியாகும். அடுப்பில் இருக்கும் குக்கரின் வெயிட்டைச் சட்டென்று தூக்கினால் என்ன ஆகுமோ, அது. ஆக சூடு, தண்ணீர், வழி என்று மூன்று வேண்டும். மூன்றில் எது மாறினாலும் ஊற்றின் நடத்தை மாறும். உங்கள் காணொளிகளில் சூட்டைத் தவிர மற்ற இரண்டும் வருவதே இல்லை.

ஸ்டீம்போட் கெய்சரை எடுத்துக்கொள்ளுங்கள். நோரிஸில் இருக்கிறது. இன்று பொங்கும் கெய்சர்களில் உலகிலேயே உயரமானது, 90 மீட்டருக்கும் மேல் எழும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அதன் பக்கத்தில் வைத்தால் கோபுரம் நனைந்துவிடும். 1911-க்கும் 1961-க்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் அது பெரிதாகப் பொங்கவே இல்லை. 1964-ல் திடீரென்று 29 முறை. மறுபடி உறக்கம், மறுபடி விழிப்பு. 2014 செப்டம்பருக்குப் பிறகு மூன்றரை ஆண்டு அடங்கிக் கிடந்தது, 2018 மார்ச் 15 அன்று எழுந்தது. அந்த ஆண்டு 32 முறை, 2019-ல் 48, 2020-ல் 48. "ராட்சத எரிமலை விழிக்கிறது" என்ற தலைப்புகள் பெருகியது அப்போதுதான்.

2019 கோடையில் நான் அங்கே இரண்டு நாள் காத்திருந்தேன். மரத் தளத்தில் மடக்கு நாற்காலி, தெர்மாஸில் காபி, பக்கத்தில் ஆண்டுக்கணக்காக நேரம் குறித்துவைக்கும் கெய்சர் ரசிகர்கள். ஸ்டீம்போட்டுக்கு வாய் இரண்டு. இரண்டும் மாறி மாறி ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று தெளித்துக்கொண்டே இருந்தன. இரண்டாம் நாள் மாலை, அந்தத் தெளிப்பு நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்தவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அவ்வளவு இரைச்சல். தண்ணீர் எழுவது முடிந்தபின்னும் நீராவி மணிக்கணக்கில் முழங்கியது. என் மூக்குக்கண்ணாடியில் தெறித்து உலர்ந்த துளிகள் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிட்டன, இன்றுவரை போகவில்லை. அது சிலிக்கா, பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் விட்டுப்போகும் பொருள். வண்டி நிறுத்துமிடம்வரை பறந்துவந்து கார்க் கண்ணாடிகளையும் அது கெடுக்கும். இந்தச் சிலிக்காவை மனதில் வையுங்கள், பிஸ்கட் பேசினுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

மறுநாள் காலை, சரிவில் சற்றுக் கீழே இருக்கும் சிஸ்டர்ன் ஊற்றைப் பார்க்கப் போனேன். முந்தின நாள் விளிம்புவரை நீலமாக நிறைந்து நின்ற குளம் அது. இப்போது தண்ணீர் இறங்கி, சுவர் தெரிந்தது. ஸ்டீம்போட் பெரிதாகப் பொங்கினால் சிஸ்டர்ன் வற்றும், சில நாளில் மறுபடி நிரம்பும். இரண்டுக்கும் அடியில் தொடர்பு இருக்கிறது. அந்த வெறுங்குளத்தை எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு இது தண்ணீர்க் கணக்கு என்று உறைத்தது.

ஸ்டீம்போட் ஏன் விழித்தது என்று மாரா ரீட், மைக்கேல் மாங்கா முதலிய ஆய்வாளர்கள் 2021 ஜனவரியில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அடியில் எரிமலைக் குழம்பு நகர்கிறதா என்பதுதான் அவர்கள் முதலில் சோதித்த கேள்விகளில் ஒன்று. அதற்கான சான்று கிடைக்கவில்லை. சூடு கூடியிருந்தால் நோரிஸில் உறங்கிக்கிடந்த மற்ற கெய்சர்களும் விழித்திருக்க வேண்டும், ஒன்றும் விழிக்கவில்லை. பொங்கி வந்த தண்ணீரின் வெப்பமும் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. நிலம் லேசாக உயர்ந்ததும் சிறு நிலநடுக்கங்களும் பதிவாகியிருந்தன, ஆனால் ஸ்டீம்போட்டின் முந்தைய விழிப்புகள் அப்படி எதையும் தொடர்ந்து வரவில்லை. மழையும் உருகும் பனியும் பொங்கும் வேகத்தைப் பாதிப்பதாகத் தெரிந்தது. 2018-ல் ஏன் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு என்ன ஆயிற்று? 2021-ல் 20 முறை, 2022-ல் 11, 2023-ல் 9. எண்ணிக்கை ஏறியபோது அடுப்பு மூண்டது என்று சொன்னால், இறங்கியபோது அணைந்தது என்றல்லவா சொல்லவேண்டும்? இரண்டும் தவறு. அடுப்பு அப்படியேதான் இருக்கிறது.

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓல்டு ஃபெய்த்ஃபுல் சாட்சி. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை போலப் பொங்கும், அந்தப் பூங்காவின் முகமே அதுதான். அதன் மேட்டில் கல்லாகிப்போன மரத்துண்டுகள் கிடைத்தன. கொதிநீர் தெறிக்கும் இடத்தில் மரம் முளைக்காது. அப்படியானால் ஏதோ ஒரு காலத்தில் கெய்சர் நின்றிருக்க வேண்டும். மரத்தின் வயதைக் கணித்தபோது 1233-க்கும் 1362-க்கும் இடைப்பட்ட காலம் வந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதி நெடும் வறட்சியில் தவித்த காலம் அது. மழை பொய்த்தது, ஊற்று நின்றது, அதன்மேல் பைன் மரம் வளர்ந்தது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் அந்தப் பூங்காவில் இல்லை. இதை ஒரு காணொளியாகச் செய்ய உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

நிலநடுக்கமும் வழியை மாற்றும். 1959 ஆகஸ்ட் 17 இரவு பூங்காவை ஒட்டிய ஹெப்கன் ஏரிப் பகுதியில் 7.3 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்து 28 பேர் இறந்தார்கள். அதன்பின் எண்ணிப் பார்த்தபோது முந்நூறுக்கு நெருங்கிய ஊற்றுகள் பொங்கியிருந்தன, அவற்றில் பல அதற்குமுன் கெய்சராக அறியப்படாதவை. விரிசல்கள் குலுங்கித் திறந்துகொண்டன. ஆனால் 1983-ல் ஐடஹோவில் 6.9 அளவு நிலநடுக்கம் வந்தபோது ஓல்டு ஃபெய்த்ஃபுல் வேகம் குறைந்தது, இடைவெளி நீண்டது. 2002 நவம்பர் 3 அன்று அலாஸ்காவில் 7.9. அங்கிருந்து 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் எல்லோஸ்டோனின் சில கெய்சர்கள் தாளம் மாறின. ஐஸ்லாந்தின் கெய்சிர் ஊற்றும் அப்படித்தான், அடங்கிக்கிடந்தது 2000 ஜூன் நிலநடுக்கங்களுக்குப் பின் மறுபடி எழுந்தது.

இனி பிஸ்கட் பேசின். அங்கே சஃபையர் குளத்தைச் சுற்றி பிஸ்கட் வடிவில் சிலிக்காப் படிவங்கள் இருந்ததால்தான் அந்தப் பெயர். 1959 நிலநடுக்கத்துக்குப் பின் அந்தக் குளம் சீறியதில் பிஸ்கட்டுகள் சிதறிப் போயின, பெயர் மட்டும் மிஞ்சியது. 2024-ல் வெடித்தது அதே பகுதியில் உள்ள பிளாக் டயமண்ட் குளம். என் கண்ணாடியில் ஒட்டிய அதே சிலிக்கா நிலத்தடிக் குழாய்களிலும் படியும். உப்புத் தண்ணீர் ஊரில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது மாதிரி. வழி அடைபட்டால் அழுத்தம் சேரும், ஒருநாள் தண்ணீர் நொடியில் நீராவியாகி மேலிருக்கும் பாறையை உடைத்துக்கொண்டு வரும். இதற்குப் புதிய குழம்பு மேலே வரவேண்டிய தேவை இல்லை.

இதில்தான் உங்கள்மேல் எனக்கு உள்ள உண்மையான வருத்தம். ஆபத்து இருக்கிறது, ஆனால் நீங்கள் காட்டும் இடத்தில் இல்லை. கோடை விடுமுறையில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் எல்லோஸ்டோன் வருகின்றன. ஊரிலிருந்து வரும் பெற்றோரை முதலில் கூட்டிப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று. பூங்காவின் வரலாற்றில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கொதிக்கும் ஊற்றுகளில் விழுந்தோ இறங்கியோ வெந்து இறந்திருக்கிறார்கள். நடைபாதைக்கு வெளியே தரை அப்பளம் போன்ற மேலோடுதான். படம் எடுக்க ஒரு பிள்ளை கால் வைத்தால் போதும். பன்னிரண்டு நிமிடக் காணொளியில் "நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்" என்ற ஒரு வாக்கியம் இல்லை.

"வெடிக்கும் தவணை தாண்டிவிட்டது" என்றும் அதில் ஒரு கணக்கு வந்தது. மாபெரும் வெடிப்புகள் மூன்று: 21 லட்சம், 13 லட்சம், 6 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். இடைவெளி சுமார் 8 லட்சம், 6 லட்சத்து 60 ஆயிரம். எரிமலைக்குத் தவணை கிடையாது, இருக்கிறதென்றே வைத்தாலும் சராசரி 7 லட்சத்தைத் தாண்டுகிறது. எந்தக் கணக்கில் தாண்டிவிட்டது?

எரிமலை மெய்யாகவே எழுமானால் ஒரு கெய்சரோடு நிற்காது. அடுக்கடுக்காக வலுவான நிலநடுக்கங்கள், நிலம் வேகமாக வீங்குவது, வாயு பெருகுவது எல்லாம் பரந்த பகுதியில் ஒன்றாகத் தெரியும். அதைக் கவனிக்கவே 2001 முதல் எல்லோஸ்டோன் எரிமலை ஆய்வகம் இயங்குகிறது. மாதம் ஒருமுறை நிலவரம் வெளியிடுகிறது. ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 வரை நிலநடுக்கங்கள் பதிவாவது அங்கே வழக்கம். தலைப்பு வைக்கும் முன் அந்த மாத அறிக்கையைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். செய்வீர்களா?

அன்றிரவு அம்மாவைச் சமாதானப்படுத்தியது இந்தக் கணக்கெல்லாம் இல்லை. நியூசிலாந்தின் ரொட்டோருவா நகரத்தைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்கும் விடுதிக்கும் சூடு வேண்டி ஊரெல்லாம் போர் போட்டு வெந்நீர் எடுத்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் கெய்சர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. 1986-ல் அரசு, போஹுட்டு கெய்சரைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த போர்களை மூடச் சொன்னது. நிலத்தடி அழுத்தம் மீண்டது, ஊற்றுகள் திரும்பின. 1979-ல் நின்றுபோன பாப்பாகுரா கெய்சர் 2015-ல் மறுபடி பொங்கியது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மேலத்தெருக்காரன் எறநூறு அடிக்குப் போர் போட்டதும் நம்ம கெணறு வத்துச்சே, அது மாதிரியா?" என்றார்.

"ஆமாம்மா, அதேதான்."

"அப்ப அங்க மூடினதும் தண்ணி வந்துட்டு. இதுக்கு எதுக்குட்டி நெருப்பக் காட்டுதான்?"

அந்தக் கேள்வியை உங்களிடம் அனுப்பிவைக்கிறேன். சிஸ்டர்ன் ஊற்று நிறைந்திருந்தபோதும் வற்றியபோதும் நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. காணொளிக்கு யார் கேட்டாலும் தருகிறேன், காசு வேண்டாம், என் பெயர் போடவும் வேண்டாம். பின்னணியில் எரிமலைக் குழம்பை மட்டும் ஓடவிடாதீர்கள்.

அன்புடன்,
சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு கோவில்பட்டிக்காரி