பெட்டி இன்னும் கட்டி முடியவில்லை

அன்பு மகனுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உன் சுகத்துக்கும் நல்லூரானைத்தான் கேட்டபடி இருக்கிறேன்.

போன கிழமை நீ அனுப்பிய மெசேஜ் கிடைத்தது. "அம்மா, பேஸ்மென்டில் இருக்கிற ஹொக்கி அட்டை எல்லாத்தையும் இந்த விலாசத்துக்கு அனுப்பி விடுங்கோ." அவ்வளவுதான். அப்பாவின் முழங்கால் எப்படி என்றுகூட இல்லை. 'எல்லாத்தையும்' என்ற அந்தச் சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்மன்டனுக்குப் போகிற அன்று, "இதிலே ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, சின்ன மாமாவின் பிள்ளைகள் வந்தால் கதவைப் பூட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. சின்னனிலிருந்தே நீ சேர்த்த ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரரின் பட அட்டைகள் ஆச்சே. பூட்டித்தான் வைத்திருக்கிறேன். ஈரம் பிடிக்காமல் அந்த மெஷினும் கோடை முழுக்க ஓடியது. கரண்ட் பில்லைப் பற்றி அப்பா முணுமுணுத்தார், நான் நிறுத்தவில்லை.

உன் சாமான், நீ கேட்டால் அனுப்பத்தானே வேண்டும். ஆனால் விற்கப் போகிறாய் என்றால் அவசரப்பட்டு விற்காதே. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் எடுத்தால் மீட்டிங்கில் நிற்பதாகச் சொல்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னாய். சரி, வேலை கூடவாக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

கட்டத் தொடங்கிவிட்டேன். நீ காட்டித் தந்தபடிதான் செய்கிறேன். முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, பிறகு டாப்லோடர் என்கிற தடித்த பிளாஸ்டிக் கூடு, அதன் வாயில் சாதாரண டேப் இல்லை, பெயின்ட் அடிக்கிறவர்கள் பாவிக்கிற நீல டேப். இரண்டு பக்கமும் காட்போட். மூலை கொஞ்சம் மழுங்கினாலும் போச்சு என்று பன்னிரண்டு வயதில் எனக்கே வகுப்பு எடுத்த பிள்ளை நீ. பிஎஸ்ஏ நிறுவனத்தில் ஒரு அட்டைக்கு 1 இலிருந்து 10 வரை எப்படிப் புள்ளி போடுகிறார்கள், படம் சரி நடுவில் இருக்கிறதா, மூலை எப்படி, விளிம்பு எப்படி, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று குசினி மேசையில் பூதக்கண்ணாடியோடு இருந்து சொல்லுவாய். உன் வகுப்பு ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில், "இவனுக்கு இருக்கிற பொறுமை இந்த வயதில் ஒருத்தருக்கும் இல்லை" என்று சொன்னா. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அப்பா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

2015 இல் டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைகளில் அப்பர் டெக் என்ற அட்டைக் கம்பனியோடு சேர்ந்து முதன்முதலாக அட்டை விட்டார்களே, அந்த ஒக்டோபரில் எனக்குக் காலை ஷிஃப்ட். குடிக்க ஏதாவது வாங்கினால் கொஞ்சக் காசுக்கு ஒரு பக்கற். வேலை முடிய ஒரு தேநீரும் ஒரு பக்கற்றுமாக வருவேன். அந்த வரிசையில் மொத்தம் 100 அட்டை. எது இல்லை என்று நீ துண்டில் எழுதித் தருவாய், நான் அதை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, வருகிற வெள்ளைக்காரத் தாத்தாமாரிடம் எல்லாம் மாற்றிக் கேட்பேன். எனக்கு அப்போது ஆங்கிலம் பேசக் கூச்சம். ஹொக்கி அட்டைதான் எனக்குக் கூச்சத்தைப் போக்கியது. அந்த நூறும் கறுப்பு அல்பத்தில் முழுதாக இருக்கிறது. அதற்கு ஒருவரும் பெரிய காசு தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதையும் அனுப்பவா? எல்லாத்தையும் என்றுதானே எழுதியிருக்கிறாய்.

அடுத்த மாதம் அப்பர் டெக் முதல் சீரிஸ் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் இலை கூட்டிச் சேர்த்த காசில் ஒரு பெட்டி வாங்கினாய். ஒரு பெட்டிக்கு 24 பக்கற், நாலு பக்கற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆறு யங் கன்ஸ், அதாவது புது ஆட்டக்காரரின் அட்டைகள். புதுப் பையன்கள் ஐம்பது பேர்வரை இருக்கிற வரிசையில் உனக்கு வேண்டியது ஒரே ஒருத்தன், 201ஆம் இலக்கம், கொனர் மெக்டேவிட். இங்கே ரிச்மண்ட் ஹில்லில் பிறந்து நியூமார்க்கெட்டில் வளர்ந்த பிள்ளை. அது கிடைத்ததும் நீ சத்தமே போடவில்லை. எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்து பிறகுதான் உறைக்குள் விட்டாய். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவனுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. "இவன் இனி எழும்புவானோ தெரியாது, இப்பவே தள்ளிவிடு" என்று கடையில் ஒருத்தர் காசை நீட்டினார். பெப்ரவரியில் அவன் திரும்பி வந்து விளையாடுமட்டும் நீ அசையவே இல்லை. அந்த வயதில் அவசரப்படாதவன் இப்போது ஏன் அவசரப்பட வேண்டும்?

சின்ன மாமாவின் பெட்டிகளை நீ மறந்திருக்க மாட்டாய். 1990 இல் வந்து இறங்கியவர், புரோ செட் கம்பனியின் அட்டைப் பக்கற்றுகளைக் கேஸ் கேஸாக வாங்கி அடுக்கினார். 5,000 மட்டும் அடித்த ஸ்டான்லி கிண்ண ஹோலோகிராம் ஒன்று அதற்குள் இருக்கிறது என்று இரவிரவாக உடைத்தார். வரவில்லை. மிச்ச அட்டைகளைக் கம்பனி அள்ளி அடித்துத் தள்ளியதால் இன்றைக்கும் அவற்றைக் கேட்பாரில்லை. அவர் நட்டப்பட்டது பக்கற்றின் விலையில் அல்ல, அது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அத்தையின் தாலிக்கொடி விஷயம் உனக்கும் தெரியும். அதை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது 'பிரேக்' என்று ஒன்று நடக்கிறதாம். தங்கச்சிதான் காட்டினாள். ஒருத்தன் கமெராவுக்கு முன்னால் இருந்து பெட்டியை உடைக்கிறான். பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு டீமுக்குக் காசு கட்டியிருக்கிறார்கள். அந்த டீமின் அட்டை வந்தால் அவர்களுக்கு, வராவிட்டால் கட்டிய காசு போனதுதான். சிலதில் எந்த டீம் என்பதும் குலுக்கல். இரவு இரண்டு மணிக்கும் நடக்கிறது. அட்டை சேர்க்கிறதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் மகன்? நீ இதில் இருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. இருந்தால் விட்டுவிடு. இல்லை என்றால் அம்மா இப்படி நினைத்தாவே என்று கோபிக்காதே. உன் கிரெடிட் கார்ட் கடிதங்கள் இன்னும் இந்த வீட்டுக்குத்தான் வருகின்றன. ஒன்றையும் உடைக்கவில்லை. அலுமாரியின் மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக அவை கூடுதலாக வருகின்றன, வேறொன்றும் இல்லை.

எண் போட்ட அட்டை எல்லாவற்றுக்கும் விலை இல்லை என்பதையும் நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். யங் கன்ஸில் எக்ஸ்குளூசிவ்ஸ் என்ற வகையில் ஆளுக்கு 100 அட்டைதான் அடிப்பார்கள், ஹை குளொஸ் என்ற வகையில் 10 தான். உன்னிடம் 100 இல் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் நாலைந்து ஆட்டத்தோடு காணாமல் போய்விட்டான். உலகத்தில் நூறே நூறு, அதையும் தேடுவாரில்லை. அதை நீ தூக்கி எறியாமல் மற்றதற்குப் போட்ட அதே உறையிலேயே வைத்திருக்கிறாய். அதைப் பார்த்தபோது எனக்கு உன்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

ஆட்டக்காரரின் உடுப்பில் வெட்டிய துணித்துண்டு வைத்த அட்டைகள் தனியாக ஒரு பெட்டியில். அதைக் கட்டும்போதுதான் நீ ஒருநாள் அழுதது நினைவுக்கு வந்தது. ஜோர்ஜ் வெசினா, மொன்றியல் கோல்காப்பாளர், 1926 இல் காசநோயில் இறந்தவர். அவர் காலில் கட்டிய பாட்களை 2000 ஆம் ஆண்டை ஒட்டி ஒரு அட்டைக் கம்பனி வாங்கித் துண்டு துண்டாக வெட்டி அட்டைக்குள் வைத்தது என்று வாசித்துவிட்டு வந்து, "அது மியூசியத்தில் இருக்க வேண்டியது அம்மா" என்றாய். நானும் அதையேதான் சொல்வேன். இப்போது புதுப் பையன்களைப் படம் எடுக்கிற நாளில் ஒருதரம் போட்டுக் கழற்றுகிற சட்டையை வெட்டினால் எனக்கு ஒன்றும் இல்லை. ஆடிய ஆட்டத்தின் வேர்வை பட்டதை வெட்டுவது வேறு. அட்டையின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு விற்கச் சொல்லித்தான் இதையும் சொல்கிறேன். ஆட்டத்தில் போட்டது என்று இருக்கிறதா, போட்டுக் கழற்றியது என்று மட்டும் இருக்கிறதா என்று பார். வாங்குகிறவன் அதைப் பார்க்காத மாதிரி இருந்து விலையைக் குறைப்பான். அவசரக்காரனை அவனுக்கு முகத்திலேயே தெரியும்.

சஸ்காச்சுவான் வீடு ஒன்றில் 1979ஆம் ஆண்டு ஓ-பீ-சீ கம்பனியின் அட்டைக் கேஸ் ஒன்று உடைக்காமல் கிடந்ததே, 2024 பெப்ரவரியில் 37 இலட்சத்து 20 ஆயிரம் அமெரிக்க டொலருக்குப் போனது. 10,000க்கு மேல் அட்டை, அதற்குள் பெரிய ஆட்டக்காரன் வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை எத்தனையும் இருக்கலாம். நீ இருக்கிற ஊரின் சீருடையில் நிற்கிற அதே 18ஆம் இலக்க அட்டை. அந்தக் காலத்தில் லண்டன் ஒன்ராறியோவில் கம்பியால் வெட்டியதால் விளிம்பு பிசிறடித்து, பத்துக்குப் பத்து எடுத்தது 2021 இல் இரண்டே இரண்டுதான். அதில் ஒன்று அந்த வருடம் 37 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்றதாம். நீ கோடீஸ்வரனாக வேண்டும் என்று இதை எழுதவில்லை. அந்தக் குடும்பம் பிறகு பார்ப்போம் என்று விட்டு வைத்தது. நீயும் விட்டு வை.

அப்புறம், 2024 ஜூனில் ஃபுளோரிடாவில் எட்மன்டன் ஸ்டான்லி கிண்ணத்தின் ஏழாவது ஆட்டம் தோற்ற இரவு. அப்பா நித்திரை, நான் தனியாக இருந்து பார்த்தேன். அந்த பிளேஓஃப் முழுக்க 42 புள்ளி எடுத்தவன் மெக்டேவிட். தோற்ற பக்கத்தில் இருந்தாலும் பிளேஓஃபின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற கொன் ஸ்மைத் பரிசு அவனுக்குத்தான் என்று பேரைக் கூப்பிட்டார்கள். அவன் வெளியே வரவில்லை. உள்ளே, உடுப்பு மாற்றுகிற அறையிலேயே இருந்துவிட்டான். ரிவியில் ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வெற்றியோடு மட்டும்தான் வெளியே வர வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒன்று எனக்கும் இருக்கிறது. அவன் தாயும் எங்கோ இருந்து, பரிசு வேண்டாம், பிள்ளை முகத்தைக் காட்டினால் போதும் என்றுதான் இருந்திருப்பா. உனக்கு வேலையில் ஏதாவது நடந்திருந்தால், அல்லது நடக்காவிட்டாலும், இந்த வீட்டில் உன்னிடம் ஒருவரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. கோயிலில் யாரோ ஏதோ சொன்னார்கள். நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, உன்னிடம் கேட்கவும் இல்லை.

அப்பாவுக்கு நீ பெட்டி கேட்டதைச் சொன்னேன். "அங்கே ஃபிளாட்டில் அடுக்கி வைக்கப் போகிறான் போல" என்றார். நானும் ஓம் என்றேன்.

201 ஐ நான் பெட்டியில் வைக்கவில்லை. மற்றதெல்லாம் வரும், அது வராது. காப்புறுதி போட்டாலும் தபாலில் விட எனக்கு மனம் இல்லை. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போ. ரிக்கட் நான் போடுகிறேன். எனக்குச் சீட்டு விழுந்திருக்கிறது, வருகிற மாதம் காசு கைக்கு வரும். அது உனக்குத் தேவை என்றால் ஒரு வரி எழுது, எதற்கு என்று கேட்க மாட்டேன். அட்டைக்கு வாங்குகிறவன் என்ன விலை சொல்கிறானோ அதை நான் தருகிறேன். வேறு ஆளிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே.

நீ தந்த விலாசம் பழைய அப்பார்ட்மென்ட் இல்லை, வேறு தெரு. யூனிட் இலக்கமும் போடவில்லை. அது இல்லாமல் கூரியர்காரர் எடுக்க மாட்டார். இலக்கத்தை எழுது. யாரோடு இருக்கிறாய், சமைக்கிற இடம் இருக்கிறதா என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா

பி.கு. மிளகாய்த்தூள் முடிந்திருக்கும். வறுத்து அரைத்து வைத்திருக்கிறேன். அட்டைகளோடு சேர்க்கவில்லை, அதற்கு வேறு பெட்டி.